பூஜ்யமும் ஒரு விலைதான்

இருபது என்று அடித்து, 'சேமி' பொத்தானை அழுத்தினாள். திரை ஒருமுறை கண் சிமிட்டிவிட்டுப் பூஜ்யத்தைக் காட்டியது.

மறுபடி இருபது. மறுபடி பூஜ்யம்.

குளியலறைக் குழாய்கள் செய்து விற்கும் கம்பெனியின் மாடிப்படியில், ஒரு கால் மேல்படியிலும் மறு கால் கீழ்ப்படியிலுமாக நின்று கைப்பேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. தம்பிக்கு மட்டும் அக்கா இல்லை. அலுவலகத்தில், அடுக்குமாடியில், மருந்துக் கடையில், எல்லோருக்கும் அக்காதான். கட்டிய கணவரே சண்டை வந்தால் "சரிங்கக்கா" என்று முடித்துக்கொள்வார்.

இன்னொரு முறை இருபது. இந்தத் தடவை சிவப்பு எழுத்தில் பதில் வந்தது.

'ஆண்டுப் பெருவிற்பனை தொடங்கிவிட்டது. விற்பனை முடியும் வரை விலைகளை மாற்ற இயலாது.'

தம்பியை அழைத்தாள்.

"டேய், கடை பூட்டிக்கிச்சுடா."

"எந்தக் கடை?"

"நம்ம கடைதான். புத்தகம் பூஜ்யத்துல நிக்குது. ஏத்த முடியல. கதவைத் தொறந்து போட்டுட்டு சாவியைத் தொலைச்ச மாதிரி ஆகிப்போச்சு."

"காலையிலயே திரும்ப இருபது போட்டுடறேன்னு சொன்னியே."

"போடத்தான் போனேன். மேனேஜர் கூப்பிட்டாரு. ஒழுகாத குழாய் ஒழுகுதுன்னு ஒரு வாடிக்கையாளர் வந்து உக்காந்திருந்தாரு. அந்தப் பஞ்சாயத்தை முடிச்சுட்டு வந்து பாத்தா இப்படி."

மறுமுனையில் தம்பி நகம் கடிக்கும் சத்தம் கேட்டது.

தம்பி எழுதுவது கதைப் புத்தகம் அல்ல, கதையாட்டப் புத்தகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்து, பகடை உருட்டி, பூதத்திடம் மாட்டிக்கொள்வார்கள் அல்லது தப்பிப்பார்கள். அந்த ஆட்டத்துக்கு வேண்டிய சட்டதிட்டம், வரைபடம், பூதங்களின் பலம் பலவீனம் எல்லாம் புத்தகத்தில் இருக்கும். அச்சு கிடையாது, வெறும் கோப்பு. இதற்கென்றே இருக்கும் ஓர் இணையக் கடையில், டாலர் கணக்கில், விற்பார்கள்.

இந்தப் புத்தகத்தின் பெயர் 'கிணற்றுக்குள் ஒரு நகரம்'. மூன்று வருட உழைப்பு. இருநூற்றுச் சொச்சம் பக்கம். அதற்கு முன்னால் விட்டதெல்லாம் கையடக்கச் சின்னப் புத்தகங்கள். அவற்றுக்கு 'விரும்பியதைக் கொடுங்கள்' என்று விலை வைத்தார்கள். வாசகர்கள் எதையும் கொடுக்க விரும்பவில்லை.

ஒவ்வொரு புத்தகத்தையும் விற்பனைக்கு விடும் முன் தெரிந்த ஐந்து பேருக்கு அனுப்பி, ஆடிப் பார்த்துக் குறை சொல்லச் சொல்வது வழக்கம். அதற்குக் கடையில் முறையான ஏற்பாடு உண்டு. இலவசச் சீட்டு ஒன்றைத் தயாரித்து ஆளுக்கொன்று அனுப்பலாம். அதைத் தயாரிக்க ஏழெட்டுப் பக்கம் நிரப்ப வேண்டும். ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு இருவருக்கும் தலைவலி வந்ததுதான் மிச்சம். அக்காதான் குறுக்கு வழி கண்டுபிடித்தாள். விலையைப் பூஜ்யமாக்கு, ஐந்து பேருக்கும் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று குரல் கொடு, அவர்கள் எடுத்ததும் விலையை ஏற்று. இரண்டு நிமிட வேலை.

பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான் என்பார்கள். பல நாள் சோம்பேறிக்கும் அது பொருந்தும்போல.

"எத்தனை பேர் எடுத்திருக்காங்கன்னு பாருடா," என்றாள் அக்கா.

விலைப் பொறுப்பு அவளுடையது என்பதால், அவள் பக்கத்தில் விலையும் வசூலும் மட்டும் தெரியும். பூஜ்யத்துக்குப் போனால் வசூல் ஏது? எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது எழுதியவன் பக்கத்தில்தான் தெரியும்.

"பாக்கறேன்," என்றான் தம்பி. வைத்துவிட்டான்.

படிக்கட்டிலிருந்து அவள் உடனே இறங்கவில்லை. இந்த வாரம் அவளுக்கு வாழ்வா சாவா வாரம். பன்னிரண்டு வருடமாகக் குழாய்களுக்கு விலை வைக்கும் வேலை. வளைந்த குழாய்க்கு ஒரு விலை, வளையாத குழாய்க்கு ஒரு விலை. போதும் என்று ராஜினாமா கொடுத்தாயிற்று. மேனேஜர் நல்ல மனிதர். "வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் மேலே அனுப்பாம வச்சிருக்கேன். மனசு மாறினா வந்து சொல்லுங்க," என்றிருந்தார். 'கிணற்றுக்குள் ஒரு நகரம்' இருபதுக்கு நின்றால், தம்பியும் அவளுமாகப் பதிப்பகத்தை முழுநேரமாக நடத்தலாம். நிற்காவிட்டால் குழாயடிதான் கதி.

இந்த ஆட்டம் ஆடுபவர்கள் தெருவுக்குத் தெரு கொட்டிக் கிடப்பவர்கள் அல்ல. இருக்கிற கொஞ்சம் பேரும் இன்றைக்கு ஓசியில் எடுத்துக்கொண்டு போய்விட்டால், நாளைக்கு இருபது கொடுக்க யார் இருப்பார்கள்?

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டின் பின்னறைதான் பதிப்பகம். துணி உலர்த்தும் கொடி ஒரு பக்கம், வரைபடங்கள் ஒட்டிய சுவர் ஒரு பக்கம். அவள் நுழைந்ததும் தம்பி மடிக்கணினியைப் பாதி மூடினான். முகம் வெளுத்திருந்தது.

"எவ்வளவு?"

"கேக்காதக்கா."

"நூறு தாண்டிடுச்சா?"

"எண்ணிப் பாக்கிற நிலைமையிலயா இருக்கு? விடு."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அதில் காய்ந்த துண்டுகள் இருந்ததைக்கூட கவனிக்கவில்லை.

கடையின் உதவி எண்ணுக்கு அடித்தாள். இசை, இசை, மறுபடி இசை. பிறகு ஒரு பெண் குரல், இஸ்திரி போட்டதுபோல் மடிப்புக் கலையாமல் வந்தது.

"வணக்கம், விற்பனையாளர் உதவி. உங்க பிரச்சினையைச் சொல்லுங்க."

"என் புத்தகத்தோட விலை பூஜ்யத்துல பூட்டிக்கிச்சு."

"விலையை நீங்கதானே வச்சீங்க மேடம்?"

"நான்தான் வச்சேன். ரெண்டு நிமிஷத்துக்கு வச்சேன்."

"விலையில நிமிஷக் கணக்கு கிடையாது மேடம்."

"சரிங்க. பெருவிற்பனையில இருந்து என் புத்தகத்தை எடுத்துடுங்க."

"உங்க புத்தகம் பெருவிற்பனையில சேரவே இல்லையே மேடம்."

"சேராத புத்தகத்துக்கு எதுக்குங்க பூட்டு?"

"எல்லாருக்கும் பூட்டு உண்டு மேடம். சேந்தவங்க விலையை ஏத்திடக் கூடாது, சேராதவங்க திடீர்னு இறக்கிடக் கூடாது. அதுக்குத்தான்."

"நான் ஏத்தத்தானே பாக்கறேன்? நான் சேராதவ. எனக்கு ஏத்தறதுக்குத் தடை இல்லையே?"

"நீங்க சொல்றது நியாயம்தான் மேடம். ஆனா கணினிக்கு ஏத்தறது இறக்கறது தெரியாது. மாத்தறதுதான் தெரியும்."

"அப்ப புத்தகத்தையே கடையில இருந்து தூக்கிடுங்க."

"விற்பனை நடக்கிறப்ப தூக்க முடியாது மேடம்."

"விலையே இல்லாத பொருளை எப்படிங்க விக்கிறதுன்னு சொல்லுவீங்க?"

"பூஜ்யமும் ஒரு விலைதான் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"பண்ணின வரைக்கும் போதும்மா."

கைப்பேசியைக் கட்டிலில் எறிந்தாள். அது துள்ளி விழுந்தது. தம்பி அதை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தான்.

"ஒரு வழி இருக்கு," என்றாள் அக்கா திடீரென்று. "விலையைத்தானே மாத்த முடியாது? கோப்பை மாத்தலாம் இல்ல? இருநூறு பக்கமும் வெத்துத் தாளா ஒரு கோப்பை ஏத்து. இனிமே எடுக்கிறவன் வெத்துத் தாளை எடுத்துட்டுப் போகட்டும்."

"வேணாம்."

"ஏன்டா?"

"எடுத்தவன் தொறந்து பாப்பான். ஒத்தை நட்சத்திரம் போட்டு நாலு வரி திட்டுவான். விற்பனை முடிஞ்ச பிறகும் அந்தத் திட்டு அங்கேயே இருக்கும்." அவன் குரல் தழைந்தது. "அதுவும் இல்லாம, அது என் புத்தகம்கா. யாராவது ஒருத்தர் தொறந்தா, உள்ளே ஏதாவது இருக்கணும்."

விலையைப் பற்றி இருவரும் போட்ட சண்டை அவளுக்கு ஞாபகம் வந்தது. அவன் எட்டு போதும் என்றான். 'எட்டுன்னு போட்டா எட்டுக்கு உள்ள மரியாதையோடதான் பாப்பான். இருபது போடு, நிமிந்து உக்காந்து படிப்பான்' என்று வாதாடி ஜெயித்தவள் அவள். பக்கத்துக்கு இத்தனை காசு, படத்துக்கு இத்தனை காசு, கடைக்காரன் பிடித்தம் போக மிச்சம் இத்தனை என்று விரல் விட்டுக் காட்டியிருந்தாள். அந்தக் கையாலேயே பூஜ்யத்தையும் போட்டாயிற்று.

சாயங்காலம் அக்காவின் கணவர், தம்பிக்கு அத்தான், வந்தார். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்ப்பதால் வீட்டுக்கு வந்ததும் தன் வாயைத் திறந்துவிடுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சட்டையைக்கூட கழற்றாமல் வாசற்படியில் நின்றார்.

"பன்னிரண்டு வருஷமா குழாய் விக்கிறவ. கடைசியில நீயே தொறந்து விட்டுட்டு வந்துட்டியா?"

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க."

"வெறும் வாய்ப்பேச்சும்மா. வேலா வச்சிருக்கேன் நான்?" தம்பி பக்கம் திரும்பினார். "மச்சான், எத்தனை பேர் அள்ளிட்டுப் போனான்?"

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அவனை விடுங்க. அவன் சொல்ல மாட்டான்," என்றாள் அக்கா. "நான் பண்ணின வேலைக்கு நான் மனசு உடையக் கூடாதுன்னு மறைக்கிறான்."

"மறைச்சா மட்டும் என்ன? ஓசியில கொடுத்தா பினாயிலைக் கூட குடிக்கிற உலகம் இது. ஆயிரக்கணக்குல போயிருக்கும். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?" அத்தான் தட்டை எடுத்துக்கொண்டார். "வியாழக்கிழமை மேனேஜர்கிட்ட போய் மனசு மாறிட்டேன்னு சொல்லிடு. குழாய் இருக்கவே இருக்கு."

அவளும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தாள்.

மறுநாள் உணவு இடைவேளையில் தாடிக்காரர் கைப்பேசியில் கூப்பிட்டார். அவரும் கதையாட்டப் புத்தகம் போடுபவர்தான். போட்டியாளர் என்று சொல்லலாம், நண்பர் என்றும் சொல்லலாம். யார் புத்தகம் விற்கிறது என்பதைப் பொறுத்தது.

"அக்கா, கெட்டிக்காரிதான் நீங்க."

"எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்தவா கூப்பிட்டீங்க?"

"நெசமாத்தான் சொல்றேன். பெருவிற்பனை நேரத்துல எல்லாரும் பாதி விலை, கால் விலைன்னு நிக்கிறான். நீங்க மட்டும் முழுசா சும்மா விட்டிருக்கீங்க. போன வருஷம் நான் ஒரு புத்தகத்தை இப்படி விட்டேன். நாலாயிரம் பேர் எடுத்தான். அடுத்த பாகத்தை வெளியிட்டப்ப, அதுல பத்துல ஒருத்தன் காசு கொடுத்து வாங்கினான்."

"பத்துல ஒருத்தனா?"

"ஆமாக்கா. ஒரு ஊருக்குள்ள நுழைஞ்சவன் அடுத்த தெருவையும் பாக்காம போவானா? ரெண்டாம் பாகம் எப்ப?"

அவள் எழுந்து நின்றாள். கிடங்கில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தாள். நாலாயிரம் வேண்டாம், மூவாயிரம் என்று வை. பத்தில் ஒருவன் என்றால் முந்நூறு பேர். முந்நூறு பேரும் இருபது கொடுத்தால்? வேண்டாம், பதினைந்து. முதல் பாகம் ஓசி, இரண்டாவது பதினைந்து, இரண்டும் சேர்ந்த அழகுப் பதிப்பு முப்பது.

வீட்டுக்குப் போனதும் பின்னறைச் சுவரில் விலைகளைப் பென்சிலால் எழுதிவிட்டாள். தம்பி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான்.

"எந்திரி. ரெண்டாம் பாகத்துக்கு என்ன வச்சிருக்க? கிணத்துக்கு அடியில என்ன இருக்கு?"

"தண்ணி."

"விளையாடாத. முந்நூறு பேர் காத்துட்டிருக்கான்."

"யார் சொன்னா முந்நூறு பேர்னு?"

"கணக்கு சொல்லுது."

"அக்கா." எழுந்து உட்கார்ந்தான். "நீ அந்த வேலையை விடாத."

"நேத்து வரைக்கும் நீதானே விடு விடுன்னு நச்சரிச்ச?"

"இன்னைக்குச் சொல்றேன். விடாத. நான் வேற வேலை தேடிக்கிறேன். இதை ஓய்வு நேரத்துல பாத்துக்கலாம்."

"புத்தகம் சும்மா போனதுல பயந்துட்ட நீ. பயத்துல எடுக்கிற முடிவு வெளங்காது."

"பயம் இல்லக்கா. வந்து..."

"என்ன வந்து?"

அவன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து அத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, சுவரில் இருந்த எண்களைப் படித்துவிட்டு, "வீட்டு ஓனர் பாத்தா சுண்ணாம்புக்கு விலை போடுவார்," என்றார். அக்கா சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. தம்பி அவள் சிரிப்பதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"வியாழக்கிழமையை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போடேன்," என்று மட்டும் கேட்டான்.

"மேனேஜர் என்ன என் மாமனாரா, நான் சொன்னபடி ஆட?"

வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. மேல அனுப்பவா, கிழிச்சுப் போடவா?"

"அனுப்பிடுங்க சார்."

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சீங்களா? உங்க நாற்காலிக்கு வேற ஒருத்தரைத் தயாரா வச்சிருக்காங்க. நான் இந்தப் பொத்தானை அழுத்தினா அவருக்கு உத்தரவு போயிடும். அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

கண்ணாடிக்கு வெளியே, காட்சிக் கூடத்தில், யாரோ கை ஆட்டுவது தெரிந்தது. தம்பி. வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தான். சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. வரவேற்பறைப் பெண் அவனை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் உட்காராமல் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"உங்க தம்பிதானே அது?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். தைரியம் சொல்ல வந்திருக்கான்." அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். "அழுத்துங்க சார்."

அவர் அழுத்தினார். ஒரு சின்ன ஓசை, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் முடிந்தது. கை கொடுத்தார், "குழாய் வேணும்னா வாங்க, தள்ளுபடி போட்டுத் தரேன்," என்றார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். சுவர் முழுக்கப் பளபளக்கும் குழாய்களுக்கு நடுவே தம்பி நின்றிருந்தான். ஒவ்வொரு குழாயிலும் அவன் முகம் கோணல்மாணலாகத் தெரிந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். போயாச்சு. இனிமே நான் உன் சம்பளக்காரி."

"திரும்ப வாங்க முடியாதா?"

"முடியாதுடா. எதுக்கு வாங்கணும்?"

அவன் பக்கத்தில் இருந்த குழாயைப் பிடித்துக்கொண்டான். காட்சிக்கு வைத்த குழாய், தண்ணீர் வராது.

"அன்னைக்கு எத்தனை பேர்னு கேட்டியே," என்றான்.

"ஆமா. நீதான் வாயே தொறக்கல. இப்ப சொல்லு. எவ்வளவா இருந்தாலும் பரவாயில்ல, தாங்கிப்பேன்."

"அன்னைக்கு நீ வந்தப்ப ஒன்பது இருந்துச்சு, அதுல அஞ்சு நம்ம ஆளுங்க. நம்ம புத்தகம் சும்மா கிடக்குதுன்னு யாருமே பாக்கலக்கா. இருபது போட்டிருந்தாலும் இதேதான். எனக்கு அதைச் சொல்ல வாய் வரல." அவன் அவளைப் பார்க்கவில்லை. "கிளம்பறப்ப மறுபடி பாத்துட்டுதான் வந்தேன். இது வரைக்கும் மொத்தம் பதினாலு பேர்."